அது டயானா ராஸ் பாட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பழைய ஆங்கிலப் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்பதை 1981-இல் அமெரிக்கப் பாடகி டயானா ராஸ் தந்த பாடல் என்று போட்டிருந்தீர்கள். அவர் பாடியது உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டுக்கு அப்போதே 25 வயது. 1956-இல் ஃப்ராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ் என்ற குழு பாடியது அது.

நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம். மாலையானால் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து இந்தப் பாட்டு வரும். எனக்கு ஏழெட்டு வயது. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு கட்டைக் குரல் அர்த்தமே இல்லாமல் 'டூம் வாப்' என்று உருட்டும் பாருங்கள், அதை நானும் என் தம்பியும் செய்து பார்த்துவிட்டு உருண்டு உருண்டு சிரிப்போம். அந்தக் கட்டைக் குரல் ஷெர்மன் கார்ன்ஸ் என்ற பள்ளிக்கூடப் பையனுடையது என்று தெரிய எனக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது.

நியூயார்க்கில் ஹார்லெமை ஒட்டிய பகுதியில் எட்வர்ட் ஸ்டிட் என்ற பள்ளி. அங்கே படித்த கார்ன்ஸ், ஜிம்மி மெர்ச்சன்ட், ஹெர்மன் சந்தியாகோ, ஜோ நெக்ரோனி நால்வரும் மாடிப்படிக்குக் கீழும் தெருமுனையிலும் நின்று பாடிப் பழகியவர்கள். கார்ன்ஸும் மெர்ச்சன்டும் கறுப்பினத்தவர்கள், மற்ற இருவரும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. வாத்தியம் வாங்கக் காசு கிடையாது, அதனால் தாளம், கட்டைச் சுருதி எல்லாம் வாய்தான். டூ-வாப் என்ற இசையே இப்படித்தான் பிறந்தது. அவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த குடியிருப்புக்காரர் ஒருவர், 'எத்தனை நாளைக்கு அடுத்தவர் பாட்டையே பாடுவீர்கள்?' என்று, தன் காதலி எழுதிய கடிதங்களைக் கொடுத்தாராம். பறவைகள் ஏன் இப்படிப் பாடுகின்றன என்று அதில் இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சந்தியாகோவும் மெர்ச்சன்டும் பாட்டுக் கட்டினார்கள். அப்புறம் வந்து சேர்ந்தவன்தான் ஃப்ராங்கி லைமன்.

முன்னணிக் குரல் முதலில் சந்தியாகோவுடையதாகத்தான் இருந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் முன்னால் பாடிக்காட்டப் போனபோது அது லைமனுக்குப் போனது. சந்தியாகோவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது என்று ஒரு கதை உண்டு. 1956 ஜனவரியில் 'கீ' நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டபோது லைமனுக்கு 13 வயது. இரண்டரை நிமிடம்கூட இல்லாத பாட்டு. அமெரிக்கப் பொது ஹிட் பாடல் பட்டியலில் 6-ஆம் இடம், ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின இசைப் பட்டியலில் முதல் இடம், பிரிட்டனிலும் முதல் இடம்.

அந்தக் காலத்தில் கறுப்பினப் பாடகர்களின் பாட்டு ஒன்று சூடு பிடித்தால், சில வாரங்களிலேயே வெள்ளையர்களை வைத்து அதே பாட்டை வேறு கம்பெனிகள் இறக்கிவிடும். பெரும்பாலும் நகல்தான் அதிகம் விற்கும். இதற்கும் கேல் ஸ்டார்ம், டயமண்ட்ஸ் குழு என்று வரிசையாக வந்தார்கள். கேல் ஸ்டார்முக்கு 9-ஆம் இடம், டயமண்ட்ஸுக்கு 12. அபூர்வமாக இந்த ஒரு தடவை அசல் முந்திவிட்டது. 1964-இல் பீச் பாய்ஸ் பாடினார்கள். பெர்சுவேஷன்ஸ் குழுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடகி ஜோனி மிட்செல் மேடையில் பாடியது 1980-இல் தட்டாக வந்தது. என் காதுக்கு அதுதான் அசலுக்குப் பக்கத்தில் வருகிறது. பெர்சுவேஷன்ஸும் வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்கள் அல்லவா. நீங்கள் சொன்ன டயானா ராஸ் பதிவு அமெரிக்காவில் 7-ஆம் இடம் வரை போனது. மெருகு அதிகம், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பதிவுதான் பணத்தைக் கொட்டியது, வழக்குகளையும் கிளப்பியது. லைமன் 1968-லேயே, 25 வயதில், பாட்டியின் வீட்டுக் குளியலறையில் ஹெராயினால் செத்துப்போயிருந்தான். நான்தான் அவன் மனைவி என்று மூன்று பெண்கள் வந்தார்கள். மேல்முறையீட்டில் ஜார்ஜியாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. எழுதியவர்கள் என்று லைமனோடு பதிவாகியிருந்தது கோல்ட்னரின் பெயர். குதிரைப் பந்தயக் கடனில் அவர் தன் கம்பெனிகளை மாரிஸ் லெவி என்பவரிடம் விற்க, பிறகு கோல்ட்னர் இருந்த இடத்தில் லெவியின் பெயர் ஏறியது. லெவி பாட்டு எழுதுகிறவர் அல்ல, கம்பெனி முதலாளி.

1987-இல் சந்தியாகோவும் மெர்ச்சன்டும் வழக்குப் போட்டார்கள். லெவியின் மிரட்டலுக்குப் பயந்துதான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்றார்கள். 1992-இல் ஜூரி, இவர்களும் இந்தப் பாட்டை எழுதியவர்களே என்று சொல்லிவிட்டது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 'இவர்கள் எழுதவில்லை' என்று அல்ல. மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவ்வளவுதான்.

நான் 38 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். பேரன் அச்சடித்துக் கொடுத்த அந்தத் தீர்ப்பை அகராதியும் கையுமாகப் படித்தேன். 'டைம் பார்', அதாவது காலம் கடந்துவிட்டது, என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நீதிமன்றத் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட கட்சிக்காரர்களுக்கு எத்தனை தடவை சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்! எங்கள் சீனியர் அவர்களிடம், 'காலக்கெடு போனால் கேட்கிற வழிதான் அடைபடும், உரிமை பொய்யாகாது' என்பார். கட்சிக்காரருக்கு அது ஆறுதலாக இருந்து நான் பார்த்ததில்லை.

பத்திரிகைக்கு லிமிடேஷன் என்ற காலக்கெடுச் சட்டம் கிடையாது. ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். பாடியவர்கள் ஃப்ராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ், 1956. எழுதியவர்கள் என்று ஜூரி ஏற்ற பெயர்கள் ஹெர்மன் சந்தியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட். லைமன் பெயரும் கூட இருக்கட்டும், தவறில்லை. லெவி பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பொன்மலை, திருச்சி.