படுத்திருப்பவர் தூங்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கார் ஏற்றுமதி பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு பெரிய படம். கப்பலின் உள்தளம், வரிசையாகப் புதுக் கார்கள், ஒரு காரின் முன்பக்கத்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே அச்சாகியிருக்கும் வாசகம்: 'பணிக்கு நடுவே இளைப்பாறும் ஊழியர்.'

அந்தக் கால்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் 26 வருடம் நானும் அப்படித்தான் இளைப்பாறினேன். கார் ஏற்றிப்போகும் கப்பலான கார் கேரியரில் ஏபியாக (தேர்ந்த மாலுமியாக) ஏறி, போசனாக (தள மாலுமிகளின் மேஸ்திரியாக) இறங்கியவன் நான்.

அவர் லாஷிங் போடுகிறார், ஐயா. அதாவது, கார் நகராதபடி தளத்தோடு சேர்த்துக் கட்டுகிறார். பெல்ட்டின் ஒரு கொக்கியைக் காருக்கு அடியிலுள்ள வளையத்தில் மாட்டி, இன்னொன்றைத் தளத்திலுள்ள துளையில் கோத்து இறுக்க வேண்டும். படுக்காமல் கை எட்டாது. சாதாரணமாக ஒரு காருக்கு நான்கு பெல்ட். பெரிய கப்பல் என்றால் 6,000 கார் ஏறும். பெருக்கிப் பார்க்கும் வேலையைத் தங்கள் கட்டுரையாளருக்கே விட்டுவிடுகிறேன். கணக்கில் அவருக்கு நிறைய ஆர்வம் இருப்பது தெரிகிறது.

'சக்கரம் இருப்பதால் கார்கள் தாமே ஏறி இறங்கிவிடுகின்றன' என்றும் எழுதியிருக்கிறார். சக்கரம் இருப்பதுதான் ஐயா தலைவலி! துறைமுகத்தில் கட்டிவிட்டுப் போவது கரை ஆட்கள். நடுக்கடலில் பெல்ட் தளர்ந்தால் போய் இறுக்குவது கப்பலில் இருக்கும் இருபத்துச் சொச்சம் பேர். ஜூலை மாதம் அரபிக்கடலில் இந்தக் கப்பல் ஆடுவதைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி உயரம், காற்று அப்படியே பக்கவாட்டில் அறையும். காருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது, உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைய வேண்டும். சில தளங்களில் என் உயரத்துக்கு நிமிரவே முடியாது. எங்கோ ஒரு கார் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

நாங்கள் போடும் 'பாய்லர் சூட்' என்ற முழு உடுப்பில் பொத்தான் வெளியே தெரியக்கூடாது. வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது. எங்கள் பாதுகாப்புக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பெயின்ட்டில் கீறல் விழக்கூடாதாம்! ஒரு முறை பெல்ட்டை இறுக்கும்போது லீவர் தெறித்து என் இடதுகை நடுவிரல் நசுங்கியது. ரத்தம் வெள்ளைக் காரின் பம்பரில் சொட்டிவிட்டது. மேலே இருந்து வந்த அதிகாரி முதலில் பம்பரைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். அதன் பிறகுதான் கட்டுப் போட்டார்கள். எந்தக் கம்பெனி என்பது இப்போது எதற்கு? இன்றும் அந்த விரல் முழுசாக மடங்காது.

கோபம் இந்த ஒரு படத்தால் வந்தது மட்டும் இல்லை. 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கடலில் 'ஃப்ரீமேன்டில் ஹைவே' எரிந்ததே, நினைவிருக்கும். மாலுமிகள் சிலர் உயிர் பிழைக்க அந்த உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள். தங்கள் பத்திரிகையில் எத்தனை ஆயிரம் கார், அதில் எத்தனை சொகுசுக் கார், எத்தனை மின்சாரக் கார் என்று வந்தது. இறந்துபோனவர் நம் நாட்டு மாலுமி. அது கடைசிப் பத்தியில், ஒரே வரி.

அதே வருடம் நவம்பரில் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டது. நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குக் கார் ஏற்ற வந்துகொண்டிருந்த காலிக் கப்பல். எண்ணுவதற்குக் கார் இல்லாத அந்த ஒரு தடவையாவது ஆட்களை எண்ணியிருக்கலாம். 25 பேர். 2025 ஜனவரியில் விடுவிக்கும் வரை பதினான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தக் கப்பலில் ஏறி ஊரார் செல்ஃபி எடுத்த படத்தை மட்டும் நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டீர்கள்.

பத்திரிகையை மட்டும் சொல்லி என்ன? 'கப்பல்ல வேலையா, அப்ப ஊரெல்லாம் சுத்திப் பார்த்திருப்பீங்க' என்பார் பெண் பார்க்கப் போன இடத்து மாமா. சரக்குக் கப்பல் நாட்கணக்கில் கரையில் நிற்கலாம், கார் கேரியர் சில மணி நேரத்தில் கிளம்பிவிடும். நான் பார்த்த ஊர்களெல்லாம் ரேம்ப், அதாவது கார் ஏறி இறங்கும் சாய்தளம், தெரிகிற தூரத்துக்குத்தான். சென்னைக்கே ஒரு முறை வந்தோம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த கார்கள் ராத்திரி முழுக்க ஏறின. மேல்தளத்தில் நின்றால் ராயபுரம் பக்கத்து விளக்குகள் தெரிந்தன. என் வீடு கல்மண்டபத்துக்குப் பின்னால். ரேம்ப் டியூட்டி முடிந்தபோது கயிற்றை அவிழ்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மனைவி வஞ்சிர மீன் குழம்பு வைத்துவிட்டு, வரவில்லையா என்று போனில் கேட்டாள். 'கப்பல் கிளம்புது' என்றேன். அதற்குப் பிறகு ஏழு மாதம்.

வீட்டுக் கடன் கேட்டுப் போன கதையை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. ஒப்பந்தம் முடிந்து சம்பளம் இல்லாமல் கரையில் இருக்கும் மாதங்களுக்கும் சம்பளச் சீட்டு கேட்டார் அந்த வங்கி மேனேஜர்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அந்தப் படத்தின் வாசகத்தைத் திருத்தி ஒரு வரி போடுங்கள்: 'லாஷிங் பெல்ட் கட்டும் ஊழியர்.' இடம் போதவில்லை என்றால் 'ஊழியர்' என்பதை எடுத்துவிடலாம், அது இல்லாமலும் எங்களுக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் ஒருவர்,
ராயபுரம், சென்னை.

பி.கு.: படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தக் கால்களில் சேஃப்டி ஷூ இருக்கிறது. இளைப்பாறுகிறவன் முதலில் அதைத்தான் கழற்றுவான்.