விளையாட்டு மருத்துவ மேற்படிப்பு தோட்டத்துத் திடல்வரை வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவப் பட்டதாரிகளுக்கான மேற்படிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். இருதயம், குழந்தை நலம், மகப்பேறு, கண், தோல், எலும்பு என்று வரிசையாகச் சொல்லிச் சென்ற அக்கட்டுரையில் விளையாட்டு மருத்துவம் எங்கேனும் வருகிறதா என்று தேடுவதற்காகத்தான் இரண்டாம் முறை படித்தேன், வரவில்லை. கட்டுரையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அப்படி ஒரு துறை உண்டு என்பதே நம் பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் காற்பந்தும் ஓட்டமும் பழக்கிய எனக்கே அது காலம் கடந்துதான் தெரிய வந்தது.

எங்கள் வட்டாரம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னிடம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆடினான். தாயார் பால்மரம் வெட்டப் போவார். இவன் பள்ளி விட்டதும் திடலுக்கு வந்துவிடுவான். இடப்பக்க ஓரத்தில் அவன் பந்தைக் கொண்டுபோனால் எதிரணியில் பிடிக்க ஆளில்லை. ஒரு மாலை, யாரும் மோதாமலேயே, எம்பிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பியவன் அப்படியே விழுந்தான். முட்டிக்குள் ‘டக்’ என்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டது என்றான். நாங்கள் அவனை லயத்துக்குத் தூக்கிச் சென்று சேர்ப்பதற்குள் முட்டி பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. முதலில் எண்ணெய் போட்டு உருவிவிடும் பெரியவரிடம் காட்டினோம். மறுநாள் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று சொல்லி, வலிக்கு மாத்திரையும் இரண்டு வாரம் ஓய்வும் கொடுத்தார்கள். எலும்புதான் முறியவில்லையே என்று நானும் நிம்மதி அடைந்தேன். ஆறாவது வாரம் மாவட்ட இறுதியாட்டம் வந்தது, வீக்கம் வடிந்திருந்தது, அவனும் ஆடுகிறேன் என்றான். அவனை இறக்கிவிட்டவன் நான்தான். இருபது நிமிடத்தில் அதே முட்டி மறுபடி நழுவியது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. இன்று அவர் லோரி ஓட்டுகிறார். கோயிலில் பந்தி பரிமாறும்போது தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்கிறார்.

அன்று அறுந்தது எது என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. விளையாட்டுக்காரர்கள் ‘ஏசிஎல்’ என்று சொல்லும் முட்டியின் உள்நார் எக்ஸ்ரேயில் தெரியாது. காலில் ஊன்றித் திரும்பும்போது சத்தம் கேட்பதும், இரண்டொரு மணி நேரத்துக்குள் மூட்டில் இரத்தம் கட்டி வீங்குவதும் அந்த நார் அறுந்ததற்கான அடையாளங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் முட்டியைச் சற்று மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முட்டிக்குக் கீழுள்ள எலும்பை மறு கையால் முன்னே இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்வார். வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டதுபோல் தோன்றுவதுதான் அதில் உள்ள ஆபத்து. பிடிமானம் இல்லாத மூட்டு ஒவ்வொரு முறை நழுவும்போதும் இடையிலுள்ள குருத்தெலும்பு நசுங்கிக் கிழிகிறது. அறுவை செய்து புதிய நார் பொருத்தினாலும் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. நான் கொடுத்தது ஆறு வாரம்.

இத்தகைய முடிவுகளை எடுக்கக் கற்றவரே விளையாட்டு மருத்துவர். அவர் எலும்பு அறுவை நிபுணரும் அல்லர். உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் பிசியோவும் அல்லர். அவ்விருவரோடும் இணைந்து வேலை செய்பவர். எந்தக் காயத்துக்குக் கத்தி வேண்டும், எதற்கு வேண்டாம், எப்போது ஓடலாம், எப்போது முழு ஆட்டம் ஆடலாம் என்பதை அவரே தீர்மானிக்கிறார். மூட்டு அவருடைய பாடத்தில் ஒரு பகுதிதான். நண்பகல் வெயிலில் நெடுந்தூர ஓட்டம் ஓடி மயங்கி விழுந்தவனை வண்டியில் ஏற்றுவதற்கு முன் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடற்சூட்டை இறக்க வேண்டும் என்பதும், 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே இதயம் நின்று விழுந்தபோது செய்ததுபோல மின்னதிர்ச்சிக் கருவியை உடனே எடுக்க வேண்டும் என்பதும் அவருடைய பாடம். எங்கள் திடலில் அந்தக் கருவி இல்லை. தண்ணீர்க் குழாயும் மழைக்காலத்தில்தான் ஒழுங்காக வரும்.

மருந்து இன்னொரு பெரிய பாடம். டத்தோ லீ சோங் வெய் 2014ஆம் ஆண்டு உலகப் பூப்பந்துப் போட்டியின்போது கொடுத்த மாதிரியில் டெக்சாமெத்தசோன் இருந்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகும் அவர் எட்டு மாதம் தடை பெற்றார். டெக்சாமெத்தசோன் சாதாரண நோயாளிக்கு எந்த மருத்துவமனையிலும் கொடுக்கப்படும் மருந்து. போட்டிக் காலத்தில் அதே மருந்து வீரரின் வாழ்க்கையைப் புரட்டிப்போடுகிறது என்றால், தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுவதையும், தேவையான மருந்துக்கு முன்கூட்டியே விலக்கு கேட்கும் முறையையும் அறிந்த மருத்துவர் அணிக்கு எத்தனை அவசியம் என்பது விளங்கும்.

‘நம் தோட்டத்துப் பிள்ளைகள் உலகப் போட்டிக்கா போகப் போகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்துறையின் முழுப் பெயரே பல நாடுகளில் விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவம் என்றுதான் வழங்குகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், முதுமையில் வரும் முட்டித் தேய்வு ஆகியவற்றுக்கு எந்தப் பயிற்சியை, எத்தனை நிமிடம், எவ்வளவு கடுமையாகச் செய்வது என்று மருந்துச் சீட்டைப் போலவே எழுதிக் கொடுப்பது அந்தப் படிப்பின் பாதி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ‘நடங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவைக்கப்படும் நம் தாய்மார்களுக்குத் தேய்ந்த முட்டியோடு எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

துறை உலகில் புதிதன்று. 1928ஆம் ஆண்டில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த செயின்ட் மோரிட்சிலேயே அனைத்துலக விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பு தோன்றிவிட்டது. ஆயினும் பிரிட்டன் அதைத் தனி நிபுணத்துவமாக ஏற்றது 2005இல்தான். அந்த வகையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். மலாயாப் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்கான நான்கு ஆண்டு முதுநிலைப் படிப்பை நீண்ட காலமாகவே நடத்தி வருகிறது. நம் வட்டாரத்துக்கு இதில் பெருமைப்பட வேறு காரணமும் உண்டு. பக்கத்துக் கோல கங்சாரில் பிறந்த டான் ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர்; 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 வினாடி 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. ஓடிக்கொண்டே மருத்துவம் படித்து, பின்னர் ஆசிய, காமன்வெல்த் விளையாட்டு அமைப்புகளின் மருத்துவப் பொறுப்புகளையும் வகித்தவர் அவர். ஓட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை நாம் மறந்துவிட்டோம்.

சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாண்டு மருத்துவப் பட்டம், 2008 முதல் இரண்டாண்டாக நீட்டிக்கப்பட்ட பயிற்சி மருத்துவர் காலம், அதன்பின் மருத்துவ அதிகாரியாகப் பணி அனுபவம், பிறகே முதுநிலைப் படிப்பு. அரசுப் பணியில் இருப்போர் கூட்டரசுப் பயிற்சி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2016 முதல் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட இளம் மருத்துவர்களுக்கு இந்த மேற்படிப்புக் கதவு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை 2021 ஜூலையில் அவர்கள் கறுப்புடை அணிந்து பணியிடத்திலிருந்து வெளிநடப்புச் செய்தபோது நாடே பார்த்தது.

வெளிநாட்டு வழிகளும் உண்டு. இங்கே பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். பிரிட்டனில் ஓராண்டில் முடியும் விளையாட்டு மருத்துவ முதுகலைப் பட்டத்தை மருத்துவர் அல்லாத பிசியோக்களும் படிக்கிறார்கள். அது நல்ல படிப்பே. ஆனால் அதை முடித்ததாலேயே ஒருவர் நிபுணர் ஆகிவிட முடியாது. அமெரிக்காவிலோ குடும்ப மருத்துவம் போன்ற ஒரு துறையில் நிபுணத்துவப் பயிற்சியை முடித்தவரே அதன்மேல் விளையாட்டு மருத்துவத்துக்கான கூடுதல் பயிற்சியில் சேர்கிறார். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புவதற்கு முன், திரும்பி வந்தால் நம் தேசிய நிபுணர் பதிவேட்டில் அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று மலேசிய மருத்துவ மன்றத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. முகவர் சொல்லும் வாய்வார்த்தை போதாது.

இதையெல்லாம் நான் விசாரித்து அறிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முட்டி போன அந்தப் பையனின் அக்காள் மகள் இன்று அரசு மருத்துவமனையில் மருத்துவ அதிகாரி. ‘மாமாவுக்கு என்ன நடந்தது என்று மூன்றாம் ஆண்டுப் பாடத்தில்தான் புரிந்தது, ஐயா’ என்று ஒரு தீபாவளியன்று என்னிடம் சொன்னாள். விளையாட்டு மருத்துவம் படிக்க ஆசை என்றும் சொன்னாள். வீட்டில் பெரியவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்குப் படித்துவிட்டுப் பந்து பொறுக்கவா போகிறாய் என்றார் ஒருவர். ஆனால் அவளுடைய தாயார் கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதன்று. படித்து முடித்தால் எங்கே வேலை? தனியார் துறையில் இதற்குத் தேவை குறைவு, அரசு மருத்துவமனைகளில் இடங்கள் சில, அவையும் பெரிய நகரங்களில். நேர்மையாகப் பதில் சொல்லப்போனால் அந்தத் தாயின் கவலை நியாயமானதே என்று நான் ஒப்புக்கொண்டேன்.

ஆகவேதான் என் கோரிக்கை பயிற்சியின் அமைப்பைப் பற்றியது. நாட்டின் விளையாட்டு மருத்துவ வசதிகளின் மையம் புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகம். எங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மாநிலங்களில் அதன் துணை மையங்கள் இருந்தாலும் அவை தேர்வு பெற்ற வீரர்களுக்கு உரியவை. கெடாவின் சிவசங்கரி 2022இல் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்டு, மறு ஆண்டே ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கத்தை வென்றபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். தேசிய நிலைக்கு உயர்ந்தவர் விழுந்தால் தாங்கிப் பிடிக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே திடலில் விழுகிற பிள்ளைக்குத்தான் யாரும் இல்லை. முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசராவது இருந்தார். மட்டை வைத்துக் கட்டி, இரண்டு திட்டுத் திட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அவரும் இல்லை.

நான்கு ஆண்டுப் பயிற்சியில் ஆறு மாதத்தையாவது மாவட்ட மருத்துவமனை ஒன்றில் கழிக்க வேண்டும் என்று விதித்தால் என்ன? மாதம் இருமுறை விளையாட்டுக் காய கிளினிக் ஒன்றை அங்கே பயிலும் மருத்துவர்கள் நடத்தலாம். அவர்களுக்கு நோயாளிகள் குறையமாட்டார்கள். சனிக்கிழமை மாலைக் காற்பந்தும் கபடியும் சிலம்பமும் வேண்டிய அளவு அனுப்பிவைக்கும். தேசிய அணி வீரரின் காயத்தை முதல் மணி நேரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்து, மாத்திரை தின்று, மூன்று மாதம் நொண்டிவிட்டு வரும் முட்டியை எப்படிக் கையாள்வது என்பதை மாவட்ட மருத்துவமனையில்தான் கற்க முடியும். அங்கே பணியிடமும் ஒன்று உருவானால் அந்தத் தாயின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் இளம் மருத்துவர்கள் ஃபிஃபா இணையவழி இலவசமாக நடத்தும் காற்பந்து மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பைப் படிக்கலாம். அது நிபுணராக்காது, கண்ணைத் திறக்கும். ஆசிரியர்களுக்கோ அதே ஃபிஃபாவின் ‘11+’ என்னும் இருபது நிமிட உடற்பயிற்சி முறை உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்குப் பந்தைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. ஓய்வுக்கு முந்தைய கடைசி நான்கு ஆண்டுகள் நான் அதைப் பழக்கினேன். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைப் பார்த்து ‘கொக்குப் பயிற்சி’ என்று பிள்ளைகள் கேலி பேசினாலும் அதை விடாமல் செய்தார்கள்.

கல்விப் பக்கத்தின் பொறுப்பாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முதுநிலைச் சேர்க்கைக்கு விண்ணப்பம் திறப்பதற்கு முன், விளையாட்டு மருத்துவப் படிப்பில் சேரும் தகுதி, நுழைவுத் தேர்வு, உதவித்தொகை ஆகிய விவரங்களைப் பல்கலைக்கழகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் கேட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். அதைக் கத்தரித்து அந்தப் பெண்ணின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.