பொம்மை காட்டிய பிழை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பிரசவ வார்டுக்கு நீ மாற்றலாகிப் போன செய்தி அறிந்து மகிழ்ந்தேன். சென்ற வாரம் நான், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆர். முறைக்கான இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன்; அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனம் ஆறாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்தவள் என்பதால், மார்பை அழுத்துவதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன். அங்கிருந்த பயிற்சிப் பொம்மையோ ஒவ்வோர் அழுத்தத்தையும் அளந்து திரையில் காட்டியது. 5 முதல் 6 செ.மீ. வரையிலான ஆழமும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகமும் எனக்குச் சரியாகவே வந்தன. ஆனால் அழுத்திய பிறகு பாரத்தை முழுவதும் எடுக்காமல் மார்பின் மீதே சாய்ந்திருந்தேன் என்பதைக் கண்டு திடுக்கிட்டேன். மார்பு முழுமையாக மேலெழும்பும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்பி நிறைகிறது. இதயத் தசைக்கு ஊட்டும் நாளங்களிலும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் இரத்தம் ஓடுகிறது. அதை நான் பாதியிலேயே தடுத்து வந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் கைகளுக்குக் கீழே கிடந்த முகங்கள் அன்றிரவு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. சுவாசக் குழாய் செருகும்போது எங்கள் வார்டில் எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்பது வழக்கம். தொடர்ந்து அழுத்திச் சிறுகச் சிறுக ஏற்றிய இரத்த அழுத்தம், நிறுத்திய சில நொடிகளிலேயே இறங்கிவிடுகிறது. நாடி பார்ப்பதற்குக்கூட 10 நொடிகளுக்கு மேல் கூடாது. அழுத்துபவரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு: தாம் களைத்துவிட்டதை அவர் உணரும் முன்பே ஆழம் குறையத் தொடங்கிவிடுகிறது.

தலைமைச் செவிலியரிடம் கேட்டு, புதன்கிழமைதோறும் ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் பழகத் தொடங்கியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது திரையில்லாத பழைய பொம்மைதான். ஒருத்தி அழுத்த, மற்றொருத்தி பக்கத்தில் குனிந்து மார்பு முழுதாக எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்கிறாள்.

பெரியவர்களுக்கு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்றால், உன் வார்டில் பிறந்த சிசுவுக்கு 3 அழுத்தத்துக்கு 1 மூச்சு. சிசுவின் இதயம் தளர்வது பெரும்பாலும் மூச்சு கிடைக்காததால்தான் என்பதால், அங்கே முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் ஆம்பு பேக் பிடிக்கும் கைதான் முதலில் தேற வேண்டும். முகமூடியின் ஓரத்தில் காற்று கசியாமல் பிடிக்க உங்கள் வார்டில் எப்படிப் பழகுகிறீர்கள்? விரிவாக எழுது, எங்கள் பெண்களுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி