மிபிகுரியிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அப்பாயி, தங்கச்சி எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதத்தை வாத்தியார் வீட்டு அண்ணன் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து நான் வேலை பார்க்கும் மில்லின் லாரியில் கொடுத்தனுப்பினார். போனில் பேசினால் "சாப்பிட்டியா" என்று நீ கேட்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அது என்ன ஊர், அக்கம்பக்கம் யார், கோயில் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். விவரமாக எழுதுகிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டச் சொல்.

தென் அமெரிக்காவில் இருக்கும் இந்தக் கயானாவின் கடலோரம் முழுக்கக் களிமண் பூமி. கடல் ஏறும்போது அதன் மட்டத்தைவிட நிலம் தாழ்வு. டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே கரை போட்டு, மதகு வைத்துத்தான் இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். கடல் இறங்கும் நேரம் மதகைத் திறந்து வெள்ளத்தை வடிப்பார்கள், ஏறும் நேரம் மூடிவிடுவார்கள். கடைமடையில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் இடம் கோரன்டைன் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பிளாக் புஷ் போல்டர் என்பார்கள். சதுப்புக் காடாகக் கிடந்ததை 1960களின் தொடக்கத்தில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். லெஸ்பிஹோல்டன், மிபிகுரி, ஜொஹானா, யக்குசாரி என்று நாலு பிரிவு. ஒரு குடும்பத்துக்கு 15 ஏக்கர் வயல், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இரண்டரை ஏக்கர். நேர்கோடாகச் சாலை, சாலையோரம் வாய்க்கால், அதைத் தாண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பாலம். வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளைத் தூண்மேல் கட்டியிருக்கிறார்கள். கீழே காலியாக இருக்கும் இடத்தில்தான் சமையல், தூக்கம், பேச்சு எல்லாம்.

வருஷத்துக்கு இரண்டு போகம். நடவு கிடையாது அம்மா. விதையை ஊறவைத்து, முளை கட்டியதும் சேற்றில் வீசிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும் காட்சி இங்கே இல்லாததால், எத்தனை பசுமையாக இருந்தாலும் வயல் எனக்கு வெறிச்சென்று தெரிகிறது. மழையும் இரண்டு பருவம்: மே மாதத்திலிருந்து ஆடி வரைக்கும் ஒன்று, நவம்பர் கடைசியிலிருந்து தை வரைக்கும் ஒன்று. 2021 வெள்ளத்தில் இந்தப் பக்கமெல்லாம் முற்றத்தில் தண்ணீர் நின்றதை இன்னும் பேசுகிறார்கள். ஆனால் புயல் இங்கே வருவதில்லை. கஜாவில் நம் தென்னை அத்தனையும் ஒரே ராத்திரியில் சாய்ந்ததைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. அரிசி உண்டு, பருப்பு உண்டு, முருங்கை வேலியோரம் தானாக வளர்கிறது. வாய்க்காலில் ஹஸ்ஸா என்று ஒரு மீன், உடம்பெல்லாம் கவசம் போல ஓடு. முழுசாகத் தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டு, சாப்பிடும்போது ஓட்டைக் கழற்றுகிறார்கள். புளி போட்டு நம் பக்குவத்தில் ஒருநாள் வைத்தேன், நன்றாகத்தான் வந்தது. விரிவிரி என்று சுண்டைக்காய் அளவில் ஒரு மிளகாய், அதன் காரம் நம் ஊசி மிளகாய்க்குக் குறைந்ததில்லை. விசேஷ வீடுகளில் தாமரை இலை மாதிரி பெரிய நீர் அல்லி இலையில் சோறு போட்டு ஏழு வகைக் கறி பரிமாறுகிறார்கள். உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டேன். ரசம் மட்டும் எங்கேயும் இல்லை. புளியும் மிளகும் இருந்தும் நீ வைக்கிற ருசி வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

எதிர்ப்பாலத்து ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது தாண்டியிருக்கும். பிள்ளைகள் எல்லாம் நியூயார்க்கில். அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய பெரிய வீடு மேலே பூட்டிக்கிடக்கிறது. இவர் கீழே ஊஞ்சல் துணியில் படுத்து, ரேடியோவை ஊரே கேட்க வைத்துக்கொள்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகள் பீப்பாய் நிறைய மாவு, எண்ணெய், சோப்பு, துணி அனுப்புவாள். வந்த அன்றே பாதியைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் நான் மில்லிலிருந்து வரும்போது "பேட்டா, சாப்பிட்டாயா" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போடுவார். மேல்வீட்டுச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறார், ஆனால் ஏறிப் பார்ப்பதில்லை.

அவருடைய கொள்ளுப்பாட்டி மெட்ராஸ் கப்பலில் வந்தவராம். 1838-இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல்கள் வந்தன, 1845-லிருந்து மெட்ராஸிலிருந்தும் வந்தார்கள். 1917 வரை இப்படிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்திருக்கிறார்கள். திரும்பிப் போகாமல் தங்கியவர்களின் வாரிசுகள்தான் இங்கே நெல் போடுகிறவர்களில் பெரும்பாலோர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி என்னை அல்பியன் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார். வேப்பிலை, எலுமிச்சம்பழம், கரகம் எல்லாம் இருந்தது. மதுரைவீரனுக்குத் தனியாக இடம். யாருக்கும் தமிழ் பேச வராது, ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த தமிழ்ப் பாட்டைத் தப்பு மேளம் அடித்து, உடுக்கை அடித்துப் பாடுகிறார்கள். அந்தத் தப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு நம் தீமிதி ஞாபகம் வந்துவிட்டது. அப்பாயி மடியில் காசு முடிந்துகொண்டு வரிசையில் நிற்பது, நீ மாவிளக்குத் தட்டோடு ஓரமாக நிற்பது, எல்லாம். அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன் அம்மா. சாமி வந்திருக்கிறது என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஒரு விஷயம். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ரோகன் கன்ஹாய் பிறந்த போர்ட் மோரன்ட் இங்கே பக்கம்தான். 1983 மார்ச்சில், உலகக் கோப்பைக்கு முன்னால், கவாஸ்கர் 90, கபில்தேவ் 72 எடுத்து வெஸ்ட் இண்டீஸை ஜெயித்த மைதானம் அல்பியனில் இருக்கிறது. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அப்பா வந்திருந்தால் உள்ளே போகாமல் நகர்ந்திருக்க மாட்டார்.

பணம் இந்த முறை கொஞ்சம் குறைவாக வரும். அறுவடைக் கணக்கு முடிந்த பிறகுதான் மில்லில் பட்டுவாடா, மற்றபடி ஒன்றுமில்லை. எனக்குச் செலவே இல்லை. மதியம் மில்லில் சாப்பாடு, ராத்திரி பல நாள் பசிப்பதில்லை, ரூமும் பழகிவிட்டது. அறையில் இருந்தவர் ஊருக்குப் போய்விட்டார், அதனால் இடம் தாராளமாக இருக்கிறது.

அப்புறம் வீட்டு விஷயம். கூட்டுறவு பேங்கில் இருக்கும் உன் வளையலுக்கு இந்தத் தவணை வட்டியை மட்டும் கட்டிவிடு, ஏலத்துக்குப் போகவிடாதே. மீட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சிக்கு வந்திருக்கும் மன்னார்குடி ஜாதகத்தை அவளிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம்தானே. அப்பா சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார் என்று அக்கா சொன்னாள். முழுசாகப் போடச் சொல், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மேட்டூர் திறக்கும் முன்னால் வடிவாய்க்காலைத் தூர்வார ஆள் விடுங்கள், சித்தப்பா பங்கு தரட்டும் என்று காத்திருந்தால் போன வருஷம் போலத் தண்ணீர் தேங்கிவிடும்.

தெற்கு மூணு மாவைக் குத்தகைக்குக் கேட்டு மேலத்தெரு மாமா பத்திரத்தோடு வருவதாக எழுதியிருந்தாய். ஞாயிறு உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்கிறேன். அதுவரை அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மகன்