சாவி கிடைத்த கையோடு இன்னொரு கடனும் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் வயரிங் வேலை செய்கிறேன். செந்தூல், கெப்போங், செகாம்புட், ஜாலான் ஈப்போ பக்கம் நம் பிள்ளைகள் புதிதாக வாங்கும் அடுக்குமாடி வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம். சாமான் எதுவும் வருவதற்கு முன்பே அந்த வீடுகளுக்குள் போகிறவன் என்பதால், அங்கே பணம் எப்படிப் போகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தக் கடிதம். வீட்டுக் கடன் 30, 35 வருடத்துக்கு இருக்கும்போதே, பால் காய்ச்சும் நாளுக்குள் வீட்டை நிரப்பியாக வேண்டும் என்று அதன் மேல் இன்னொரு கடன் வாங்குகிறார்கள். பிளாஸ்டர் சீலிங், டிவி சுவருக்குப் பலகை, சமையலறை முழுக்க கேபினட், எல் வடிவ சோபா, எட்டுப் பேர் உட்காரும் மேசை என்று வந்து இறங்குகிறது. பாதி கிரெடிட் கார்டில், பாதி கடைத் தவணையில். அந்த எட்டு நாற்காலியில் வருடத்தில் எத்தனை நாள் எட்டுப் பேர் உட்காருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் நான் வேலை செய்த ஒரு வீட்டைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகி அதிக நாள் ஆகாத ஒரு தம்பதி. அந்தத் தம்பி தொழிற்சாலையில் டெக்னீஷியன், தங்கச்சிக்கு ஒரு கிளினிக்கில் வேலை. முன்பு ரூமாவிப் என்று சொன்னார்களே, பிறகு ரெசிடென்சி விலாயா என்று பெயர் மாறியதே, 300,000 வெள்ளிக்கு மேல் போகாத அந்த மலிவு விலை வீட்டுத் திட்டத்தில் மூன்று அறை வீடு கிடைத்திருக்கிறது. கையில் இருந்தது 12,000 வெள்ளி. இதைத் தாண்டி ஒரு காசு கடன் வாங்குவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, கிரில், வயரிங், மின்விசிறி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில் மெத்தை எல்லாவற்றையும் அதற்குள் முடித்தார்கள். இன்று அந்த வீட்டுக்குள் போனால் கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி. சாமான் குறைவாக வைக்கிற மினிமலிஸ்ட் வீடு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அதற்கென்று அவர்கள் தனியாக எதுவும் வாங்கவில்லை.

அவர்கள் முதலில் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாவி கிடைத்ததும் கடைக்குப் போகாமல் ஒரு வாளியும் ஐம்பது காசும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்தார்கள், ஐம்பது காசால் டைல்ஸைத் தட்டி உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வருகிற இடத்திலெல்லாம் டேப் ஒட்டினார்கள், ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடினார்கள். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி உள்ள விற்பனை ஒப்பந்தத்தில், வீடு கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதத்துக்கு இப்படிப்பட்ட குறைகளுக்கு வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர்தான் பொறுப்பு. எழுத்து மூலம் தெரிவித்தால் 30 நாளுக்குள் சரிசெய்து கொடுக்க வேண்டும். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் அவசரப்பட்டு டைல்ஸை உடைத்து, சுவரைத் தட்டி, சீலிங் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் போய்க் கேட்டால், நீங்கள் கை வைத்த இடத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வருகிறது. இந்தத் தம்பதி எல்லாக் குறையையும் எழுதிக் கொடுத்து, சரிசெய்ய வைத்து, அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வயரிங்கில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பாராட்டுகிறேன், என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. புது வீட்டில் கொடுத்திருக்கும் பிளக் பாயிண்ட் நம் குடும்பங்களுக்குப் போதாது. அரிசி குக்கர், கெட்டில், மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் நம் வீட்டில் தினசரி ஓடுகிற பொருள்கள். பாயிண்ட் இல்லாதபோது ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் செருகுகிறார்கள். 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3,000 வாட். கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும், கூடவே இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் கணக்கு எங்கே போகும்? வயர் சூடேறி, பிளக் கருகி, சில வீட்டில் திரைச்சீலை வரைக்கும் நெருப்பு போயிருக்கிறது. இதையெல்லாம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், சோபாவுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் பாயிண்ட் போடுங்கள். வாட்டர் ஹீட்டருக்குத் தனி லைன், 10 மில்லிஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச், இரண்டையும் விடாதீர்கள். வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள்.

பிளாஸ்டர் சீலிங் வேண்டாம் என்று அந்தத் தங்கச்சியே சொல்லிவிட்டார். சரியான முடிவு. ஏற்கெனவே உயரம் குறைந்த வீட்டில் இன்னும் நான்கைந்து அங்குலம் இறக்கி, பத்துப் பன்னிரண்டு லைட் பதித்து, மின்விசிறிக் கொக்கியை கான்கிரீட்டிலிருந்து நீட்டித் தொங்கவிட்டு... இத்தனையும் செய்த பிறகு மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்தால் முதலில் ஊறி விழுவது அந்தச் சீலிங்தான். கசிவு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாமல் மறைத்துவிடும். இவர்கள் வீட்டில் வெறும் கான்கிரீட் மேல் வெள்ளைச் சாயம், அறைக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. கூடத்தின் ஜன்னலுக்கும் பின்கதவுக்கும் நடுவே எதையும் வைக்காததால் காற்று நேராக ஓடுகிறது. ஏர்கோன் இன்னும் வாங்கவில்லை, ஆனால் பாயிண்ட் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சமையலறைக்கு வருகிறேன். அங்கேதான் நம்மவர்கள் அதிகம் செலவு செய்கிறார்கள், அதிகம் வருத்தப்படுவதும் அங்கேதான். அடிக் கணக்கில் விலை பேசிச் செய்கிற கேபினட் பெரும்பாலும் மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். நாம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஜாதி, தாளிக்காமல் ஒரு நாள் போகாது, மஞ்சள் கறை வெள்ளைப் பலகையில் படிந்தால் போவதில்லை. இந்தத் தம்பதி, மூடிய உணவகங்களின் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில் இரண்டு எவர்சில்வர் மேசை வாங்கினார்கள், கீழே தட்டு வைத்தது, உணவகத்தில் காய்கறி வெட்டுவார்களே அதே மாதிரி. ஒன்றின் மேல் அடுப்பு, இன்னொன்றின் மேல் வெட்டுவதும் அரைப்பதும். கீழ்த் தட்டில் இட்லிச் சட்டி, குக்கர், அரிசி டின். எண்ணெய் தெறித்தால் சவர்க்காரம் போட்டுத் துடைத்தால் முடிந்தது, வீடு மாறினால் தூக்கிக்கொண்டும் போகலாம். திறந்த அலமாரியில் தட்டுகளை அடுக்கி வைக்கிற படங்களைப் பார்த்து அதுபோலச் செய்ய ஆசைப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நினைத்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். நம் சமையல் தெரிந்த முடிவு அது.

கூடத்தில் ஒரு ரப்பர் மர மேசை, நான்கு நாற்காலி, சுருட்டி வைத்த பாய் இரண்டு. அவ்வளவுதான். அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை, ஏனென்றால் என் பெற்றோர் பால் வெட்டியவர்கள். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் வெட்டி விறகாகத்தான் எரித்தார்கள். வெட்டிய மரத்தில் சீக்கிரமே பூஞ்சை நீலமாகப் படரும், வண்டு துளைக்கும், அதனால் தளவாடத்துக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். பிறகு போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காய வைக்கும் முறை வந்தது. இதோ நம் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகமும் அந்த மரத்தைப் பற்றி நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடத்தில் பெரும்பங்கு ரப்பர் மரம், ஜொகூர் மூவார் அந்தத் தொழிலுக்கே பேர் போன ஊர். வெளிர் நிறம், நல்ல கனம், ஆணி இறுக்கமாகப் பிடிக்கும். வெயிலிலும் ஈரத்திலும் போடாமல் இருந்தால் பல வருடம் உழைக்கும். இவர்கள் சுங்கை பூலோ பக்கம் ஒரு பட்டறையில், காட்சிக்கு வைத்து ஓரத்தில் கீறல் விழுந்ததைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதே விலைக்குப் பளபளப்பான சிப்போர்ட் மேசை பெரிதாகவே கிடைத்திருக்கும். திரைத்துணியை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் மீட்டர் கணக்கில் வாங்கி, அந்தத் தம்பியின் அம்மாவே தைத்துக் கொடுத்தார். சாமி மேடையும் சுவரில் பொருத்திய ஒரு பலகைதான், விளக்கின் தீ திரையை எட்டாத மூலையில்.

பால் காய்ச்சிய அன்று நானும் போயிருந்தேன். வந்த உறவினரில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, சோபா எப்போது வரும்? ஒரு அத்தை, வீடு மொட்டையாக இருக்கிறதே, காசுக்குக் கஷ்டமா என்று அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டிருக்கிறார். அந்த அத்தை கெட்ட மனசில் கேட்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் கட்டில் இல்லாமல், தகரப் பெட்டி ஒன்றைத் தவிர வேறு தளவாடம் தெரியாமல் வளர்ந்த தலைமுறை அது. அவர்களுக்குக் காலி இடம் என்றால் இல்லாமைதான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் வீடு நிறைந்திருக்க வேண்டும் என்று தவிக்கிறார்கள். அன்று லயத்தில் நாங்கள் எளிமையாக வாழ்ந்தோம் என்று பெருமை பேச எனக்கு வாய் வராது, அது எளிமை இல்லை, வறுமை. ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலி இடம் அவர்களே தேர்ந்தெடுத்தது, அதற்குப் பின்னால் கட்டி முடித்த பில்லும், மாதக் கடைசியில் மிஞ்சுகிற சேமிப்பும் இருக்கின்றன. பெரியவர்களிடம் பணிவாகக் கேட்கிறேன், புது வீட்டுக்குப் போனால் சோபாவைத் தேடாதீர்கள். பாயில் உட்காருங்கள், முட்டிவலி இருந்தால் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது கொடுக்க ஆசையா? கண்ணாடிக் குவளைகளும் சுவர்க் கடிகாரமும் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டு போகாமல், நான்கு பேர் சேர்ந்து ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுங்கள், அல்லது மொய்யாகவே கொடுத்துவிடுங்கள்.

இளையவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். மினிமலிஸ்ட் பேக்கேஜ் என்று வீடு முழுவதற்கும் ஒரு தொகை பேசி விற்கிறார்கள். கைப்பிடி இல்லாத கதவு, சுவருக்குள் மறைத்த விளக்கு, வெள்ளையிலும் சாம்பலிலும் எல்லாம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் காலி இடத்துக்காகக் கடன் வாங்கினால், சாமான் நிறைந்த வீட்டுக்காரன் கட்டுகிற அதே தவணையைத்தான் நீங்களும் கட்டப் போகிறீர்கள். முதல் ஆறு மாதம் தேவையானதை மட்டும் வைத்துக் குடியிருந்து பாருங்கள். எந்த ஜன்னலில் மாலை வெயில் அடிக்கிறது, துணியை எங்கே காயப்போடப் போகிறீர்கள், எந்த அறையை உண்மையில் பயன்படுத்துகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் வாங்குங்கள். தீபாவளி மலிவு விற்பனை அடுத்த வருடமும் வரும்.

ஏற்கெனவே கார்டும் தவணையும் கழுத்தை நெரிக்கிற நிலையில் இருப்பவர்கள் வட்டிக்காரனிடம் போய் விழ வேண்டாம். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. கடன்களை ஒன்றுசேர்த்துத் திருப்பிக் கட்டும் திட்டம் போட்டுத் தருகிறார்கள். வெட்கப்படாமல் போங்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு, அலங்காரம் என்று எழுதும்போது பங்களாக்களையும் பெரிய பெரிய கூடங்களையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 900 சதுர அடிக்குக் குறைவான, நம் ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீட்டை எடுத்துப் போடுங்கள், படத்தோடு செலவுக் கணக்கையும் சேர்த்து: எதற்கு எவ்வளவு ஆனது, எதை வேண்டாம் என்று விட்டார்கள், எது இரண்டாம் கைப் பொருள் என்று. அரசாங்கத்தின் மலிவு வாடகைக் குடியிருப்பான பிபிஆர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள், சுவரில் துளை போடக்கூட யோசிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நான் சொன்ன தம்பதியிடம் கேட்டுவிட்டேன். பெயரும் முகமும் வராது என்றால் ரசீதுகளோடு கணக்கைத் தருவதாகச் சொல்கிறார்கள். உங்கள் நிருபர் எப்போது வருவார் என்று தெரியப்படுத்தினால், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்