14 குறைகளோடு விற்ற வண்டி

கவென்ட்ரி
செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

நம்ம எம்ஜிபி, அந்தப் பழைய சிவப்பு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், போன சனிக்கிழமை விற்றுப் போய்விட்டது. போனில் சொன்னால் நீ மௌனமாகிவிடுவாய், நான் உடனே மெல்பர்ன் வெயிலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் கடிதம். எழுத்துக் கூட்டச் சிரமமாக இருந்தால் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும்.

முழங்கால்தான் காரணம். எம்ஜிபியில் ஏறுவது இப்போதும் கஷ்டமில்லை, தொப்பென்று விழுந்தால் போதும். இறங்கத்தான் ஆள் வேண்டும். மே மாதம் கடை வாசலில் முன்பின் தெரியாத ஒரு பையன் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான். "அடுத்த தடவை கிரேன் சொல்லிடலாமா?" என்று உன் அம்மா கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னாரே, டிங்கரிங் பார்த்து, புது பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு விற்றால் நல்ல விலை போகும் என்று. நான் அப்போது பதிலே சொல்லவில்லை. கோபம் என்று அவர் நினைத்திருப்பார். கோபமெல்லாம் இல்லை, விளக்கிச் சொல்ல நேரம் பிடிக்கும் என்றுதான் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், நீ அவருக்குச் சொல்.

எம்ஜிபி ஒன்றும் அபூர்வமான வண்டி இல்லை. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். உதிரிபாகம் எதுவும் கிடைக்காது என்று இல்லை. 1988-லிருந்து பழைய அச்சுகளையே வைத்து முழு பாடியையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். கையில் காசு இருந்தால் எவரும் 1966 வண்டியை இன்றைக்குப் புத்தம் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிகளில் அப்படி ஆக்கியவை பளபளவென்று வரிசையாக நிற்கும். ஆனால் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அங்கே தைத்த தோல், அங்கே தகடுகளைப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டிய ஸ்பாட் வெல்டிங் எல்லாம் அப்படியே இருக்கிற வண்டி குறைவு. ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் அது போனது போனதுதான், எத்தனை பவுண்டு கொடுத்தாலும் திரும்பி வராது. நம்ம ஊர்ப் பக்கம் திருப்பணி என்று சொல்லிக் கல்தூண்களின் மேல் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்தார்களே, அதற்குப் பிறகு தூண் வெள்ளையாக இருந்தது, கல்வெட்டைத்தான் படிக்க முடியவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட வண்டியை 'எண்ணெய்த் துணி வண்டி' என்பார்கள். புதுப்பித்து அழகாக்காமல், எண்ணெய் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்தே காப்பாற்றியது என்று அர்த்தம். எனக்குப் பிடித்த பேர் அது.

ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் 1983-ல் 1,150 பவுண்டுக்கு வாங்கினேன். அவர் 1966-ல் புதிதாக வாங்கியவர். அப்போது ஹீட்டருக்கே தனிக்காசு கொடுக்க வேண்டும், அவர் கொடுத்திருந்தார். நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கிற ஓவர்டிரைவ் கியர், ஸ்போக் வீல் இரண்டுக்கும்கூட. சாவியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்: ரோட்டில் உப்பு போட ஆரம்பித்தால் வண்டியை வெளியே எடுக்காதே. 42 வருடமாக நவம்பரிலிருந்து மார்ச் வரை எடுக்கவில்லை. பனிக்கு ரோட்டில் கொட்டுகிற அந்த உப்புதான் இந்த வண்டிகளைத் தின்றது. இதற்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். மேலே கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் தகடுகள்தான் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூடாது. பலர் அந்தத் துருவின் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்றுவிடுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வருடா வருடம் அக்டோபரில் சில்லுக்குள் மெழுகு எண்ணெய் பீய்ச்சுவேன். கதவு அடியிலும் சில்லிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைப் பழைய சைக்கிள் கம்பியால் குத்திவிடுவேன். அந்த வாரம் வீடு முழுக்க நாறும், அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துத் திட்டுவாள். அவ்வளவுதான்.

சரி, வாங்க வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் ஒரு காந்தத்தோடு வந்தார். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வித்தை. கதவில் ஒட்டியது, மட்கார்டில் ஒட்டியது. போனட்டில் வைத்தார், நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "முழுக்கப் பட்டி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு 7,000 சொன்னார். அந்தக் காலத்து எம்ஜிபி போனட் அலுமினியம். காந்தம் எப்படி ஒட்டும்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஆள் நல்ல மனுஷன். 14,500 தருகிறேன் என்றார். தகடு தெரிகிற வரை உரித்து, கருநீலம் அடித்து, ஜப்பான் வண்டியின் 5 கியர் பாக்ஸ் போட்டு ஐரோப்பா சுற்றப் போகிறாராம். அவர் காசு, அவர் ஆசை, தப்பே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாவது ஒரு பெண், முப்பது வயது இருக்கும், விமான எஞ்சின் பிரித்து மாட்டுகிற வேலை. வந்ததும் பெயின்டைப் பார்க்கவில்லை. ஒரு அட்டையை விரித்து வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் டார்ச் வெளிச்சம் மட்டும்தான் நகர்ந்தது. வெளியே வந்து, "சில்லில் ஸ்பாட் வெல்டிங் எல்லாம் தொழிற்சாலையில் வைத்ததுதான்" என்றாள். அப்புறம் காகிதக் கட்டைக் கேட்டாள். வாத்தியார் வாங்கிய பில், சர்வீஸ் புத்தகம், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடா வருடம் பார்க்கிற எம்ஓடி சோதனையின் எல்லாச் சீட்டும் இருந்தது. 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2018-லிருந்து எம்ஓடி கட்டாயமில்லை. நான் அப்படியும் காட்டிக்கொண்டுதான் இருந்தேன், ஒவ்வொரு சீட்டிலும் மைல் கணக்கு பதிவாகுமே. மொத்தம் 61,000. கேய்டன் கார் மியூசியத்தில் பழைய உற்பத்திப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த சான்றிதழும் இருந்தது. அதிலிருந்த எஞ்சின் நம்பரை எஞ்சினில் இருந்த நம்பரோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள்.

நான் குறைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், மொத்தம் 14. போனட் ஓரத்தில் சிவப்பு தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறது. ஓட்டுநர் சீட்டின் தோல் தையலோரம் பிரிந்திருக்கிறது. பின்பக்க ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிகிறது. குளிரில் இரண்டாவது கியர் கர்ரென்று கத்தும், நாலு மைல் ஓடினால் அடங்கும். முதல் கியர் அப்படியில்லை, கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சின்க்ரோமெஷே அதற்குக் கிடையாது, வண்டி நின்றால்தான் விழும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின், உள்ளே வால்வு வந்து உட்காருகிற வளையங்களை மாற்றவில்லை, ஆகவே பெட்ரோலில் ஈயத்துக்குப் பதிலான திரவம் கலக்க வேண்டும், அதுவும் எத்தனால் குறைவான ஈ5 பெட்ரோல் மட்டும்.

9-வது குறை உன்னுடையது. சீட்டுக்குப் பின்னால் பலகையில் உன்னை உட்கார வைத்து ஓட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருந்தது என்று இன்றைக்கு வரை உன் அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. வேல்ஸ் போனபோது மழை பிடித்தது. நானும் அவளும் நனைந்துகொண்டு கூரைக் கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம், நீ பேனாவை எடுத்துப் பக்கத்து அட்டையில் அ, ஆ, இ எழுதிவிட்டாய். 'இ' இடவலம் மாறிக் கிடக்கும். அன்று உன்னைத் திட்டினேன். அந்தப் பெண் இது என்ன எழுத்து என்று கேட்டாள், சொன்னேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றேன். "துடைக்கிறதாக இருந்தால் நான் எதற்கு இப்படி ஒரு வண்டியைத் தேடி அலைய வேண்டும்?" என்றாள்.

13,000 தான் அவளால் முடிந்தது. கொடுத்துவிட்டேன். பணம் பேங்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன், அந்த அளவுக்கு அசடில்லை. வண்டியின் பதிவுப் புத்தகமான லாக்புக்கின் பச்சைச் சீட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்து, பேரையும் ஆன்லைனில் மாற்றியாயிற்று. சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு இங்கே வரி இல்லை.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. வண்டி போனதற்கு இல்லை, 1,500 பவுண்டு போனதற்கு. "அந்தக் காசில் நான் மெல்பர்ன் போய்ப் பேரனைப் பார்த்துட்டு வந்திருப்பேன். உங்களுக்குப் பெயின்ட் பெருசாப் போச்சு" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் நீயே எழுது. டிக்கெட்டை 13,000-லிருந்து எடுக்கலாம் என்றேன், அது சமாதானமாகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மதியம் அந்தப் பெண் போன் செய்தாள். லெஸ்டர் தாண்டி ரோட்டோரம் நிற்கிறாள், வண்டி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் பின்னால் பெட்ரோல் பம்ப் டிக்டிக்டிக் என்று நிற்காமல் அடிக்கிறதாம். சாதாரணமாகப் பத்து தட்டுத் தட்டிவிட்டு, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் தட்டினால் டேங்கில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். "கேஜ் என்ன காட்டுது?" என்று கேட்டேன். "கால் டேங்க் இருக்கு" என்றாள்.

அது நீ காலேஜ் சேர்ந்த வருடத்திலிருந்தே கால் டேங்க்தான் காட்டுகிறது, அம்மிணி. காலியானாலும் காலேதான். 200 மைல் ஆனதும் நான் பாட்டுக்கு நிரப்பிவிடுவேன், கேஜைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்து 14 எழுதினேன், இது ஒரு குறை என்று தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கேனில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், சிநேகிதனைக் கூப்பிட்டுவிட்டேன் என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தாள். உங்கள் தாளிலேயே கீழே 15 என்று போட்டு எழுதிக்கொள்கிறேன் என்றாள். உங்கள் கையெழுத்து மாதிரியே எழுதட்டுமா என்றும் கேட்டாள்.

அம்மா கார் ஷெட்டை இஞ்ச் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள், பெரிய ஃபிரீசர் வாங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா