நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டு நாய்க்குப் பயிற்சியாளர் வைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், எத்தனை மாதக் குட்டியிலிருந்து தொடங்கலாம், எந்த ஜாதி நாய் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று எல்லாம் இருந்தது. கூடவே, “எஜமான் யார் என்பதை முதலில் நாய்க்குப் புரியவைக்க வேண்டும்” என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பேச்சை நம்பி 25,000 ரூபாய் கொடுத்தவள் நான்.

எங்கள் நாயின் பெயர் சுண்டல். மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கிய தெருக்குட்டி. நிறத்தைப் பார்த்துப் பேரன் வைத்த பெயர். வளர்ந்த பிறகு கேட் பக்கம் யார் வந்தாலும் குரைப்பான். கேஸ் சிலிண்டரை உருட்டும் சத்தம் கேட்டால் போதும், வீடே அதிரும். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு அவனை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஒரு பயிற்சியாளரைப் பிடித்தோம். தன் இடத்தில் நாற்பத்தைந்து நாள் விட்டால் ஆளே மாறிவிடுவான் என்றார். நடுவில் பார்க்க வரக்கூடாதாம், கவனம் கலையுமாம். பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதுபோல் அவன் போர்வையையும் மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆளே மாறித்தான் வந்தான். குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. “சிட்” என்றால் காதைப் பின்னுக்கு மடித்து, உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அதெல்லாம் பயத்தின் அடையாளம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பணிவு என்று நினைத்தோம். பக்கத்து வீட்டார் அந்தப் பயிற்சியாளரின் நம்பரைக்கூட வாங்கிப் போனார்கள். மூன்றாவது வாரம், பத்து வருடமாக வரும் பால்காரர் கேட்டைத் திறந்தார். சுண்டல் சத்தமே இல்லாமல் எழுந்து போய் அவர் கெண்டைக்காலைக் கடித்தான்.

காயத்தைச் சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சுண்டலுக்கு வருடம் தவறாமல் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறோம்தான். அதை நம்பி, கடிபட்டவருக்கு ஊசி வேண்டாம் என்று இருந்துவிட முடியாது.

அப்புறம் சுண்டலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கழுத்து முடியை விலக்கிக் காட்டினார். சுற்றிலும் ஆறிக்கொண்டிருக்கும் தழும்பு. இழுத்தால் இறுகும் சோக் செயினோ, உள்பக்கம் முள் வைத்த பட்டையோ போட்டிருக்க வேண்டும் என்றார். உறுமல் என்பது, “எனக்குப் பயமாயிருக்கிறது, கிட்டே வராதே” என்று நாய் விடுக்கும் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் வலி கொடுத்தால் பயம் போகாது, உறுமல்தான் போகும். மிச்சம் இருப்பது கடி. இதை அவர் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி அந்த “எஜமான்” சங்கதி. அது ஓநாய்களிடமிருந்து வந்த கதை: ஓநாய்க் கூட்டத்தில் மற்றவற்றை அடக்கி ஆளும் ஒரு தலைவன் உண்டாம், ஓநாய் வழியில் வந்த நாய்க்கும் அப்படி ஒருவர் வேண்டுமாம். 1940களில், அடைத்து வைத்திருந்த ஓநாய்கள் ஒன்றையொன்று அடக்கப் பார்ப்பதைக் கவனித்து எழுதினார்கள். அந்தக் கருத்தைப் பரப்பியதில் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டில் பல வருடம் ஓநாய்களைப் பின்தொடர்ந்த பிறகு, 1999இல் அவரே அதைத் திருத்தி எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், தாய் தகப்பன் போகும் வழியில் குட்டிகள் போகின்றன, அவ்வளவுதான். எழுதியவரே மாற்றிக்கொண்டதை நாம் இன்னும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. நாய்க்குட்டிகளை வளர்த்து விற்பவர்களுக்கு 2017இல் விதிமுறை வந்தது, செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018இல் வந்தது. இரண்டிலும் பதிவு கட்டாயம். பயிற்சியாளருக்கு அப்படி எந்த உரிமமும் கிடையாது. ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். அடித்துத் துன்புறுத்தினார் என்று நிரூபித்தாலும், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கிலோ தக்காளி விலைதான்.

பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவதாக வந்தவரால்தான் சுண்டல் இன்று எங்களோடு இருக்கிறான். முதல் நாள் அந்தத் தம்பி ஒரு மணி நேரம் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கிளம்பும்போது சொன்னார்: “அம்மா, நீங்க உட்காருன்னு சொல்றீங்க, ஐயா சிட்டுன்னு சொல்றார், பேரன் குந்துன்னு சொல்றான். அது யார் சொல்றதைக் கேக்கும்?” அடுத்த மூன்று வருகையும் எங்களுக்குத்தான் பாடம். ஒரே வார்த்தை, யாரும் கத்தக் கூடாது, சொன்னதைச் செய்த அந்த நொடியே கையில் இருக்கும் வேகவைத்த ஈரல் துண்டு போய்ச் சேர வேண்டும். பத்து விநாடி கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குத் தெரியாதாம்.

சிலிண்டர் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாததுமாக வைத்துக்கொண்டு ஈரல் கொடுத்தோம். வாரா வாரம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினோம். அவன் குரைத்துவிட்டால், “நாம அவசரப்பட்டுட்டோம்” என்று அந்தத் தம்பி சத்தத்தைக் குறைப்பார். நாயைத் திட்டி நான் பார்த்ததில்லை. கூடத்தில் கற்றதை வாசலில் முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருந்தது, தெருவில் மறுபடியும். இத்தனை நாளில் சரியாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஐந்து மாதம், பதினான்கு வருகை, ஒரு வருகைக்கு 800 ரூபாய்.

இப்போது சிலிண்டர் வந்தால் சுண்டல் சமையலறைக்கு ஓடி வந்து என் கையைப் பார்க்கிறான். பால்காரர் மட்டும் இன்னும் கேட்டுக்கு வெளியிலேயே பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் கட்டணப் பட்டியலோடு, பயிற்சியாளரிடம் கேட்க இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சி நடக்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா? முதல் ஆளிடம் நான் இரண்டையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.